பன்னிரண்டாவது சானல்

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கெலுகோர் முழுக்கப் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்கள். ஓட்டலுக்குத் தாமதம். பால்ரூம் ஹாலில் காப்புறுதிக் கம்பெனி விருந்து. மேடை ஏறிய ஒவ்வொருவரும் மைக்கில் ஊதிப் பார்த்தார்கள். வருடக்கணக்காக இதுதான் பிழைப்பு. பேசத் தெரியாதவர்களின் சத்தத்தைப் பெரிதாக்குவது.

செய்ய வேண்டியவை:
– மின்சார பில்
– வசந்தாவின் ஆஸ்பத்திரித் தாள்களை நகல் எடுக்க (பெயரை முழுசாக எழுதக்கூடச் சோர்வு, இனி வ.)
– பழைய சவுண்டு மிக்சர் தேட

26ஆம் தேதி வ.வுக்குக் கழுத்தில் அறுவை. கட்டி. டாக்டர் படம் போட்டுக் காட்டினார். குரலுக்குப் போகும் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறதாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்குக் குரல் மாறலாம் என்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இவள், என் மனைவி, கேட்டது: "எத்தன நாள் எம்.சி. லீவு கெடைக்கும் டாக்டர்?" பேக்டரியில் லைன் சூப்பர்வைசர். அவள் கவலை அவளுக்கு.

இவ்வளவு வருடத்தில் அவள் பாடியது ஒன்றுகூட உருப்படியாகப் பதிவாகவில்லை. ஃபோனில் இருப்பதெல்லாம் பஜனையில் மற்றவர்கள் தட்டும் கை, எங்கேயோ அடியில் அவள். சவுண்டுக்காரன் வீட்டு நிலைமை இது. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

26க்குள் பதிய வேண்டும். சுத்தமாக. அவளிடம் காரணம் சொல்லவில்லை. மிக்சர் ஒரு சைட் ஜாப், வெளி வேலைக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மதியம் ஒரு இடி, மழை இல்லை. ஏமாற்று.

வீட்டில் இருக்கும் சின்ன ரெக்கார்டிங் பெட்டியில் சோதித்தேன். வ. துணி மடித்துக்கொண்டே முணுமுணுத்ததைக் கேட்டுப் பார்த்தால் அவளைவிட இரைச்சல் பெரிது. அவள் பாட்டு மெலிசு. மைக் பிடித்தாலும் தள்ளித்தான் நிற்பாள். மைக்கிலிருந்து வருவது துளிதான், அதை முதலில் தூக்கிவிடுகிற இடம்தான் பிரீஆம்ப். தேங்காயின் முதல் பால் மாதிரி. அங்கே தண்ணீர் கலந்துவிட்டால் அப்புறம் எவ்வளவு காய்ச்சினாலும் குழம்பு தேறாது. புதுசாக நல்லது வாங்கும் வசதி இல்லை. பழைய பெரிய மிக்சர்களில் நல்ல பிரீஆம்ப் இருக்கும். தெரிந்தவன் பார்த்து எடுக்க வேண்டும். தெரிந்தவன் நான்தானாம்.

வேலை முடிந்து டவுனில் பழைய சாமான் கடை. சீனத்துப் பெரியவர். மிக்சரின் மேல் புதுப் பெயிண்ட் மினுமினுப்பு.

"இனி பாராங் பைக், பாஸ். ஒன் ஓனர் சாஜா." நல்ல சாமானாம், ஒரே ஆள் கையில் இருந்ததாம்.

ஹெட்போன் மாட்டி, மைக் சொருகாமலே கெயின் குமிழை முழுக்கத் திருப்பினேன். ஜிங்க் கூரையில் மழை மாதிரி இரைச்சல். அடுத்த சானல், அதே மழை. ஒன்றில் மட்டும் மழையோடு ரேடியோவில் மலாய்ப் பாட்டு.

"போனஸ் லா," என்றார். சிரிப்பு வந்தது. வாங்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

புக்கிட் மெர்தாஜாம். கல்யாண இசைக்குழு வைத்திருந்த மணியம் அண்ணன் மிக்சரை விற்கிறார் என்று தகவல். பாலத்தில் டிராபிக் ஜேம். கடலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம். பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் முழுசும் தூக்கம், ஓட்டுகிறவர் மட்டும் கொட்டாவி. எனக்கும் தொற்றியது.

போய்ச் சேர்ந்தால் அண்ணன் வாசலிலேயே கையைப் பிசைந்தார்.

"தம்பி, இப்பதாம்பா ஈப்போகாரன் ஒருத்தன் காடியில ஏத்திட்டுப் போனான். நீ லேட்டு. கால் பண்ணிருக்கலாம்ல."

"பண்ணேண்ணே. நீங்க எடுக்கல."

"ஓ. சார்ஜ்ல போட்டிருந்தேன்."

கோப்பி கொடுத்தார். குழு கலைந்த கதை சொன்னார். இப்போதெல்லாம் டிஜே ஒருத்தன் போதுமாம். நான் தலையாட்டினேன். மனம் முழுக்க நாள்காட்டி. திரும்பி வருகையில் மீண்டும் பாலம், மீண்டும் ஜேம். வீட்டுக்கு வந்ததும் வ. கேட்டாள், "ஏங்க, மூஞ்சி ஏன் கறுத்துக் கெடக்கு?" வெயில் என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மேகமூட்டம். முதுகு வலி.

அடுப்படியில் வ. தன் அக்காவிடம் ஃபோனில்: "ஆமா, சைட் ஜாப்பாம்... இல்லக்கா, மிக்சர் தேடுறாரு... இருவது தேதிக்கு மேல என் கழுத்த அறுக்கப் போறாங்க, இவுருக்கு மிக்சர்... ஆம்பளைங்களுக்கு வயசானா ஒரு பைத்தியம் பிடிக்கும்லா, மத்தவன்லாம் மீன் வளக்கிறான்..."

சிரித்துச் சிரித்துப் பேசினாள். பிறகு குரலைத் தணித்து, "பயமாத்தான்க்கா இருக்கு. இவருகிட்ட சொன்னா இவரு உடைஞ்சிருவாரு," என்றாள்.

ஹாலில் நின்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டேன். ரொட்டி சானாய் தாப்பாவ், பொட்டலமாக வாங்கி வந்தேன். எதற்கு வாங்கினேன் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நல்ல மழை. அரை நாள் லீவு.

சிம்பாங் அம்பாட். அங்கே ஒரு கோயில் நிர்வாகம் புது சவுண்டு செட் வாங்கிவிட்டது, பழையது ஸ்டோரில் கிடக்கிறது என்று ஓட்டல் எலெக்ட்ரீஷியன் சொன்னான். பொருளாளர் சுப்ரா அண்ணன் சாவியோடு நின்றார். சீரியல் பல்பு, தேரின் காகிதப் பூ, பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாவற்றுக்கும் அடியில் பச்சைத் துணி மூடிய மிக்சர். துணியை எடுத்தவுடன் சந்தன வாசனை.

வருடா வருடம் ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் அல்ல. நேராக ஃபேடர், சத்தத்தை ஏற்றி இறக்கும் சறுக்குப் பொத்தான், ஓடும் பள்ளத்தில். ஒவ்வொரு சானலுக்கும் ஒரு பொட்டு, பாரபட்சம் இல்லாமல். சந்தனம் காய்ந்து சிமெண்டாகிவிட்டது. அதன்மேல் விபூதி.

"குருக்கள்தாம்பா வப்பாரு. சாமி காரியம், வேணாம்னு யாரு சொல்றது?"

பொத்தானைத் தட்டினேன். விளக்கு எரிந்தது. ஒன்றாவது சானல் குருக்கள் மைக்: கரகரப்பு. இரண்டு, நாதஸ்வரம்: செத்துவிட்டது. மூன்று, பஜனை. நான்கு, அறிவிப்பு. அறிவிப்பு சானலில்தான் அதிக தேய்மானம். நம் கோயில் அல்லவா. ஐந்தாவதிலிருந்து மேலே அதிகம் கைபடவே இல்லை. பதினொன்று நன்று. பன்னிரண்டில் கெயினை மெதுவாகத் திருப்பினேன். பாதி. முக்கால். ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. வயர் கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன். மைக்கைச் சொருகினேன். வெளியே ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒவ்வொரு சொட்டாகக் கேட்டது. சுப்ரா அண்ணன் மூச்சுவிடுவது கேட்டது.

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு அமைதியை எந்தப் பெட்டியிலும் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. அவர் பார்த்துவிட்டார். அதனால் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மனைவி, கழுத்து, நரம்பு, 26, எல்லாம்.

"வசந்தாவா? கும்பாபிஷேகத்துக்கு வந்து பாடுச்சே, அந்தப் பொண்ணா?" என்றார். பச்சைத் துணியை மடித்து மிக்சர் மேல் வைத்தார். பிறகு, "வெலையெல்லாம் வேணாம். முடிஞ்சத உண்டியல்ல போட்டுட்டு எடுத்துட்டுப் போ."

இரண்டு பேரும் தூக்கிக் காரில் ஏற்றினோம். என் முதுகு போயே போய்விட்டது. சந்தோஷம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சந்தோஷம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

சுப்ரா அண்ணன் தன் மனைவியிடம் சொல்ல, அந்த அக்கா வ.வுக்கு ஃபோன் போட்டு ஆறுதல் சொல்லி அழுதிருக்கிறார். நான் வேலையிலிருந்து வரும்போது வ. மிக்சருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுதான் சைட் ஜாப்பா?"

பையைக் கீழே வைத்தேன்.

"நான் சாகப் போறேனா? ஆள் நடமாடிக்கிட்டு இருக்கப்பவே மாலை போட போட்டோ ஃப்ரேம் வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

"அப்படி இல்ல வசந்தா. ஒருவேள—"

"ஒருவேளையெல்லாம் பேசாதீங்க."

"சரி. ஒரே ஒரு பாட்டு. பாடிரு. நான் யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன்."

அப்போதுதான் சொன்னாள். போன வெள்ளிக்கிழமையே தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாளாம். நல்லபடியாக வீட்டுக்கு வந்ததும் முதல் பாட்டு அவன் சன்னதியில். அதுவரை வாய் திறந்து பாடுவதில்லை. விரதம்.

"பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்கக் கூடாதா? மொட்டை போடுறேன்னு வேண்டிக்கக் கூடாதா? இதையா வேண்டுவ?"

"கேக்கிறது கொரல. அப்ப அதத்தானே காணிக்கையா வைக்கணும்."

முருகனோடு பெரிய கோபம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. சாப்பிடாமல் படுத்தேன். அவளும் சாப்பிடவில்லை. ரசம் வீணாயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

புழுக்கம்.

மிக்சரைக் கழற்றிச் சுத்தம். காய்ந்த சந்தனத்தைப் பல்குச்சியால் நோண்டினேன். ஒன்று முதல் நான்கு வரை நம்பிக்கை இல்லை. ஏன் செய்கிறேன் என்று தெரியவில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டும். வ. இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். கோப்பி வைத்துவிட்டுப் போனாள். பேச்சு இல்லை. குளிர்பெட்டி ஓடுவது, மாடி வீட்டுக்காரர் நாற்காலி இழுப்பது, கீழே யாரோ "வோய், மோட்டார எடு லா!" என்று கத்துவது, எல்லாம் கேட்கிறது. இந்த வீட்டில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு இருந்திருக்கிறது. நின்ற பிறகுதான் அது இருந்ததே தெரிகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாலை, வயரெல்லாம் போட்டுச் சோதனை. மைக்கிலிருந்து மிக்சர், மிக்சரிலிருந்து சின்னப் பெட்டி, பெட்டியிலிருந்து லேப்டாப். பன்னிரண்டாவது சானல் அற்புதம். அறைக் கதவு திறந்திருந்தது. வ. ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனில் திடீரென்று அவள். தன்னை மறந்து ஆரம்பித்துவிட்டாள். அந்தத் தாலாட்டு, எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் பாடும் தாலாட்டு. காதுக்குள்ளேயே உட்கார்ந்து பாடுவது போல. ஒரு வரிகூட முழுசாக இல்லை.

பதிவுக்கான சிவப்புப் பொத்தான் மேல் என் விரல். அழுத்தவில்லை.

சட்டென்று நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு, "முருகா, தெரியாம வந்துருச்சி, தெரியாம வந்துருச்சி" என்கிறாள்.

திருடக் கூடாது என்றுதான் அழுத்தவில்லை. நல்லவனாக இருந்துவிட்டேன். அழுத்தியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தூறல். நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

வ. எனக்குக் கொடுத்த உத்தரவுகள்:
– அரிசி டின் இடது பக்கம், வலது பக்கம் மாவு
– துவைக்கும்போது வெள்ளைத் துணியோடு நீலச் சட்டையைப் போடக் கூடாது
– துளசிக்குத் தண்ணீர், அதிகம் வேண்டாம்
– அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லக் கூடாது

சாமி கும்பிட்டுவிட்டுக் குங்குமச் சிமிழோடு அறைக்குள் வந்தாள். எனக்கு விபூதி பூசினாள். பிறகு மிக்சரைப் பார்த்து விரலை நீட்டினாள். நான் போட்ட சத்தம் கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"ஃபேடர்ல வேணாம்!"

விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பக்கவாட்டு மரப்பலகையில் ஒரு சின்னப் பொட்டு வைத்தாள்.

"அடிக்கடி தட்டிப் பாருங்க. சும்மா கெடந்தா கெட்டுப் போயிரும்," என்றாள். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆஸ்பத்திரி. குளிர். ஸ்வெட்டர் மறந்துவிட்டேன். காத்திருக்கும் இடத்தில் டி.வி., சத்தமில்லாமல் சமையல் நிகழ்ச்சி. பக்கத்தில் ஒரு மலாய் அக்கா தன் அம்மாவுக்காக. பிஸ்கட் நீட்டினார். "சாபார், அபாங்." பொறுத்துக்கொள் என்றார். பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் டாக்டர். கட்டி எடுத்தாச்சு. பார்க்கக் கெட்டது போலத் தெரியவில்லை, ரிப்போர்ட் வரட்டும். நரம்பு கட்டியோடு ஒட்டியிருந்தது, பிரித்துவிட்டோம், கொஞ்சம் அடிபட்டிருக்கலாம். போகப் போகத்தான் தெரியும்.

விழித்தாள். உதடு அசைந்தது. காதைக் கிட்டே கொண்டு போனேன். காற்றுதான் வந்தது.

ஆகஸ்ட் 30, சனி

வீடு. நாளைய சுதந்திர தினத்துக்கு எதிர் பிளாட் பால்கனிகளில் தேசியக் கொடிகள். வெயில் திரும்பிவிட்டது.

குரல் இல்லை. மூச்சு மட்டும் சொல்லாக வருகிறது. மின்விசிறி ஓடினால் ஒன்றும் கேட்காது. ஆகவே விசிறி அணைத்துவிட்டேன். இரண்டு பேரும் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருக்கிறோம். கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் தட்டில் தட்டுகிறாள். ஒரு முறை தட்டினால், தண்ணீர். பல முறை தட்டினால், நான் ஏதோ தப்பு செய்கிறேன்.

அக்கா வந்து பார்த்து, "எல்லாம் சரியாயிரும்லா" என்று மூன்று ராகத்தில் சொன்னார். லிப்டில் அழுதார். நான் அழவில்லை. களைப்பு. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் போல.

அந்தத் தாலாட்டின் அரை வரி. என் விரல். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மழை. ரிப்போர்ட் வந்தது. கெட்ட கட்டி இல்லை. முருகனோடு பாதிச் சமாதானம்.

குரலைப் பார்த்த டாக்டர்: நரம்பு தூங்குகிறது. மாதக்கணக்கில் எழுந்து வரலாம். வந்தாலும் பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது. வ. தலையாட்டினாள். வெளியே வந்து என் கையில் விரலால் தட்டினாள். குனிந்தேன்.

"வெள்ளிக்கெழம தண்ணீர்மலை."

"கொரல் வரட்டும் வசந்தா. முருகன் ஓடியா போயிருவான்?"

"நல்லபடியா வீட்டுக்கு வந்தாப் பாடுறேன்னுதான் வேண்டுனேன். வந்துட்டேன்ல."

செப்டம்பர் 12, வெள்ளி

விடியற்காலையில் மழை, பிறகு சுத்தமான வானம். லீவு சொல்லிவிட்டேன்.

படி ஏற அவளுக்குத் தெம்பு இல்லை. கொஞ்சம் ஏறுவாள், உட்காருவாள். இறங்கி வருகிறவர்கள் கழுத்துத் தையலைப் பார்த்துவிட்டு வழி விட்டார்கள். ஒரு பாட்டில் தண்ணீர் முழுசும் தீர்ந்தது. மேலே சன்னதியில் மணி, ஸ்பீக்கரில் மந்திரம், யாரோ பிள்ளையைத் தேடிக் கூப்பிடும் சத்தம். வ. கண்ணை மூடிக்கொண்டு கை கூப்பி நின்றாள். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு எழும்பி எழும்பி அடங்கியது. நான் அவளை ஒட்டித்தான் நின்றேன். ஒரு சொல் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளிடம் குனிந்தேன்.

"பாடிட்டேன். கேட்டுச்சா?"

"இல்ல."

"அவனுக்குக் கேட்டிருக்கும்."

சிக்னலில் நின்றபோது அழுதேன். பின்னால் ஹார்ன்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கப் போவாள் என்று நினைத்தேன். அறைக்குள் போய் மைக் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டி இல்லை, விரலால் பலகையில் தட்டினாள், பொட்டு வைத்த இடத்தில்.

"அவன் கடன் முடிஞ்சிருச்சி. இப்ப உங்களுது. பொத்தானத் தட்டுங்க."

"இப்பவா? இந்தக் கொரல்லயா?"

"வேற கொரல் எங்கிட்ட இல்லையே."

விசிறி அணைத்தேன். குளிர்பெட்டி வயரைப் பிடுங்கினேன். ஜன்னல் சாத்தினேன். ஹெட்போன். பன்னிரண்டாவது சானல், கெயின் பாதி. அவள் உதடு திறக்கும் ஒட்டல் சத்தம். முக்கால். மூச்சு உள்ளே போவது. அதற்கு அடியில் இரைச்சல் இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

சன்னதியில் கேட்காதது கேட்டது. தாலாட்டு. சத்தம் இல்லாத பாட்டு, வெறும் காற்று, ஆனால் ஒவ்வொரு வளைவும் அதனதன் இடத்தில். மூன்றாவது வரியில் அவள் எப்போதும் கொஞ்சம் தயங்குவாள். அங்கே தயங்கினாள். என் வசந்தாதான். வேறு யாரும் இல்லை.

முடித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். தலையாட்டினேன். வாய் திறந்தால் என் குரல் உள்ளே விழும். இன்னொரு தரம் என்று விரல் காட்டினாள். ஆரம்பித்துவிட்டாள். பதிவு ஓடுகிறது. செட்டிங்கை மறந்துவிடாமல் எழுதிக்கொள்கிறேன். சானல் 12, கெயின் முக்கால், மைக் ஒரு சாண் தூரம், ஃபேடர்

நிறுத்துகிறேன். இந்தப் பேனா தாளில் ஓடுவதும் ஹெட்போனில் கேட்கிறது.